அணிந்தவர் நலம்

செவிலி சொல்வது உண்மையென்றால் இன்பவள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த அறவாழியின் மணிக்கட்டில் உயிரணி துடித்தது. பலகையில் பாதி வரைந்த அறுகோணத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தான்.

'உங்கள் மனைவியின் உயிரணி கடும் மோதலை உணர்ந்தது. உடனே விசாரிக்கப்பட்டது. அணிந்தவர் நலம். அழைப்பு முடிந்தது.'

வராந்தாவுக்கு வந்தான். உயிரணியை வாயருகே கொண்டுபோய், "செவிலி, அவள் என்ன சொன்னாள்? அவள் குரலைப் போடு" என்றான்.

எல்லா உயிரணிக்குள்ளும் பேசும் அந்த ஒரே இதமான பெண்குரலுக்கு மக்கள் வைத்த பெயர்தான் செவிலி. கணவன் என்ற உரிமையில் அவன் கேட்டதை அது மறுக்கவில்லை. முதலில் செவிலியின் கேள்வி ஒலித்தது: "அடி பட்டதா? உதவி வேண்டு..." கேள்வி முடியுமுன்னே இன்பவள்ளியின் குரல் குறுக்கிட்டது. "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அந்தச் சொற்களுக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. பல்லைக் கடித்து உள்ளே இழுத்த மூச்சு. அறவாழிக்கு அது தெரியும். ஒருமுறை குடல்வால் வீங்கி வெடிக்கப்போகிற நிலையில், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் தோசை ஊற்றி முடித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "என்னம்மா?" என்று அவன் ஓடியபோது இதே மூச்சு, இதே ஒண்ணுமில்ல.

"அவளுக்கு அடி பட்டிருக்கு. உடனே மீட்புப்பறவையை அனுப்பு."

"அணிந்தவர் நலம் என்று அவரே சொல்லியிருக்கிறார்."

"அவ அப்படித்தான் சொல்லுவா!"

"உங்கள் மனைவி உயர்ந்த நம்பகநிலையில் இருப்பவர். இதுவரை அவர் நலம் என்று சொன்ன எல்லா முறையும் நலமாகவே இருந்திருக்கிறார்."

அது பொய்யில்லை. இன்பவள்ளி கால்நடை மருத்துவர். மாடு உதைப்பதும், கிடா முட்டுவதும், தொழுவத்துச் சாணியில் வழுக்கி விழுவதும் அவள் தொழிலின் பகுதி. உயிரணி கட்டிய புதிதில் ஒரு சினைமாடு உதைத்ததற்கே, ஆளில்லாமல் பறந்து வரும் மீட்புப்பறவை இரைச்சலோடு தொழுவத்து முன்னால் வந்து இறங்கிவிட்டது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "டாக்டரம்மா, உங்களை ஒரு உதை உதைச்சதுக்கு என் மாட்டை ஊரை விட்டே விரட்டிட்டீங்களே" என்று மாட்டுக்காரர் புலம்பியதை இன்பவள்ளி அன்று வீட்டில் நடித்தே காட்டினாள். இருவரும் சாப்பிட முடியாமல் சிரித்தார்கள். அதற்குப் பிறகு, செவிலி கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். உயிரணியும் அவளைப் பழகிக்கொண்டது.

"அவ எங்க இருக்கான்னாவது சொல்லு."

"நலமாக இருப்பவரின் இருப்பிடத்தை அவர் அனுமதியின்றிச் சொல்ல இயலாது."

"போன் எடுக்கலையே!"

"பணியில் இருக்கலாம்."

அறவாழி தலைமையாசிரியரிடம்கூடச் சொல்லவில்லை. வண்டியை எடுத்தான்.

வெள்ளிமலைக்கு மேலே ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போவதாகக் காலையில் அவள் சொல்லியிருந்தாள். முகம் சரியில்லை. "கோவமா?" என்று கேட்டதற்கு வழக்கமான பதில்தான் வந்தது. அவனும் அதை வாங்கி வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டான்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணை பின்னால் போய், மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். ஒரு வளைவில் ஓரக் கற்கள் புதிதாகப் பெயர்ந்து கிடந்தன. சேற்றில் சக்கரத் தடம் நேராகப் போய்ச் சட்டென்று முடிந்திருந்தது.

கீழே, சரிவில் நின்ற பெரிய கடுக்காய் மரத்தில் முகத்தை முட்டிக்கொண்டு அவளுடைய வெள்ளை மின்வண்டி நின்றது.

வழுக்கியும் உருண்டும் இறங்கினான். கண்ணாடி உடைந்த ஜன்னலுக்குள் இன்பவள்ளி இருக்கையில் சாய்ந்திருந்தாள். மடங்கிப்போன கதவு அவள் வலது தொடையைக் கவ்வியிருந்தது. இருக்கையின் அடியில் இரத்தம் தேங்கியிருந்தது.

"வள்ளி!"

கண்ணைத் திறந்தாள். "நீங்க ஸ்கூல் போகலையா?"

அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. துண்டால் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இழுக்க இழுக்க அவள் உதடு வெளுத்தது. "வேணாங்க. அத இழுத்தா ரத்தம் இன்னும் வரும். வெட்டித்தான் எடுக்கணும்" என்றாள். மருத்துவர் குரலில், யாருடைய மாட்டைப் பற்றியோ சொல்வதுபோல.

"ஏம்மா அதுகிட்ட அப்படிச் சொன்ன?"

"மாடு உதைச்சிடுச்சுன்னு நெனச்சேன் போல. வாய் தானா சொல்லிடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்புறம் நெனவு வந்து எவ்வளவோ கத்திப் பாத்தேன். கேக்கவே மாட்டேங்குது. போனும் எங்கயோ விழுந்துடுச்சு."

கேட்காது. அணிந்தவர் தானாகக் கூப்பிட்டால் உயிரணி செவிசாய்க்காது; அவனோடு பேசியதுகூட அதுவே செய்தி அனுப்பியிருந்ததால்தான். மோதலை உணர்ந்தால்தான் அது கேள்வி கேட்கும், கேள்வி கேட்டால்தான் பதிலைக் கேட்கும். ஒரு காலத்தில் வாயால் கூப்பிட்டாலும் பறவை வந்தது. மலையில் இருந்தவர்கள் நெஞ்சு வலி என்று கூப்பிட்டுச் சந்தைக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். சமவெளியில் இருந்தவர்கள் மாமியாரை மிரட்டக் கூப்பிட்டார்கள். மனிதர் வாய்க்கு இனி மதிப்பில்லை, கருவி உணர்ந்ததற்கே மதிப்பு என்று சட்டம் வந்தது. அவசர எண்ணை எடுத்துவிட்டார்கள். பறவைகள் இருக்கும்போது மலையில் ஆஸ்பத்திரி எதற்கு என்று வெள்ளிமலையில் இருந்ததையும் மூடினார்கள். அவசர ஊர்திகள் பழைய இரும்புக்குப் போயின. எல்லோரும் நல்லது என்றுதான் சொன்னார்கள். பொய் அழைப்பே இல்லாத நாடு என்று பாடப்புத்தகத்தில் வந்தது. அறவாழி அதைக் கீழ்வகுப்புகளுக்கு நடத்தியும் இருக்கிறான்.

அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். குறைந்துகொண்டே வரும் இரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் பச்சை எழுத்துகள்: 'அணிந்தவர் ஓய்வெடுக்கிறார்.'

மேலே ஒரு லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பலாப்பழம் ஏற்றிய லாரி. ஓட்டி வந்த கொளஞ்சி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாரு சார் உள்ள? அய்யய்யோ, டாக்டரம்மாவா? பறவை வரலியா?"

"வராது அண்ணே. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா."

"எது, இப்படிக் கெடந்துகிட்டா?" கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஊரு ஆட்டுக்கெல்லாம் வலி பாக்குற பொம்பள, தன் வலியச் சொல்லத் தெரியலியே! சரி, லாரியில போட்டுட்டுப் போயிரலாமா?"

"கதவு கவ்வியிருக்கு. வெட்டாம எடுக்க முடியாது. பறவைக்குத்தான் அந்தக் கை இருக்கு."

"கீழயிருந்து வெட்டுற மிஷினோட ஆள் வரணும்னா இருட்டிப்போவும் சார்."

அதுவரை தாங்காது. அது கொளஞ்சிக்கும் தெரிந்திருந்தது.

அறவாழி சாலைக்கு ஏறினான். அங்கிருந்த பாறையின் மேல் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கீழே சரளைக்கல் மேல் விழுந்தான். முழங்கை கிழிந்தது. நெற்றியில் இரத்தம் வழிந்தது. உயிரணி துடித்தது.

"செவிலி! அடி பட்டிருக்கு! உயிர் போற மாதிரி இருக்கு, பறவையை அனுப்பு!"

"விழுவதற்கு முன்பே உங்கள் தசைகள் இறுகியிருந்தன. நீங்கள் விழவில்லை, குதித்திருக்கிறீர்கள்" என்றது செவிலி கனிவாக. "மனம் சோர்ந்திருந்தால் ஆறுதல் பேச்சு வேண்டுமா?"

கொளஞ்சி அவனைத் தூக்கி நிறுத்தினார். "பாவி மிஷினு, எவ்ளோ வெவரமா இருக்குது பாரு."

மழையில் அப்படியே நின்றான் அறவாழி. எதிர்பார்க்காத அடி. அதைத்தான் அது நம்பும். அவளுக்கு இன்னொரு முறை அடி விழுந்தால் இன்னொரு முறை கேட்கும். ஆனால் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் உடம்பு இறுகிவிடும். இறுகிவிட்டால் கேட்காது.

"அண்ணே, உங்ககிட்ட கயிறு இருக்கா?"

லோடு கட்டும் வடக்கயிறு இருந்தது. அவன் சொல்லச் சொல்லக் கொளஞ்சியின் முகம் மாறியது. கயிற்றை மின்வண்டியின் பின்பக்கக் கொக்கியில் கட்டி, லாரியால் இழுத்து, மரத்திலிருந்து ஒரு கை அளவு மேலே தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு கயிற்றை வெட்டிவிட வேண்டும். வண்டி மறுபடி மரத்தில் போய் மோதும்.

"பொண்டாட்டியக் காப்பாத்த பொண்டாட்டியவே மோத விடுறதா? இது என்னா நாயம் சார்? அந்த அதிர்ச்சியிலயே உசுரு போயிட்டா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்கண்ணே. கால்ல விழுறேன்."

கொளஞ்சி போய், பலாக்காம்பு வெட்டும் அரிவாளை எடுத்து வந்தார். அதன் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் கையத் தூக்கினா வெட்டுங்க."

"தூக்காம இருந்தா நல்லாருக்கும் சார்."

கயிறு கட்டி, லாரி உறுமி, வண்டி மெல்ல மேலே நகர்ந்தது. இன்பவள்ளி முனகினாள். அறவாழி ஜன்னலருகே மண்டியிட்டு அவள் கன்னத்தைத் தட்டினான்.

"என்ன பண்றாங்க?"

"வண்டி சறுக்காம இருக்கக் கயிறு கட்டுறாங்க. நீ பயப்படாதே." பதினாறு வருட மணவாழ்க்கையில் அவளிடம் அவன் சொன்ன பெரிய பொய் அதுதான். "வள்ளி, இங்க பாரு. அது மறுபடி கேட்டுச்சுன்னா வலிக்குதுன்னு சொல்லணும். சொல்லுவியா?"

"அது எதுக்கு மறுபடி கேக்கப் போகுது?"

"கேட்டா."

"ம்."

அவள் தோள் இன்னும் விறைத்தே இருந்தது. வலிக்காக இறுக்கிப் பிடித்திருந்தாள். அது தளர வேண்டும்.

"காலையில எதுக்கும்மா கோவம்?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மழை அவள் முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் உள்ளங்கையால் மறைத்தான்.

"சொல்லு."

"நாமக்கல்ல கட்டுரை வாசிச்சேன்ல. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. பஸ்ல வரும்போது உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டே வந்தேன். நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க. எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்கல."

"சாப்பாடு என்னன்னு கேட்டீங்க." அவள் லேசாகச் சிரித்தாள். கண்ணீரும் வந்தது. "அது வலிச்சுதுங்க. சின்ன விஷயந்தான். ஆனா வலிச்சுது."

பல வருடங்களில் முதல்முறையாக அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். சொன்னதும் அவள் தோள் தளர்ந்தது. தலை அவன் உள்ளங்கையில் முழுப் பாரத்தோடு சாய்ந்தது. இதுவரை யாரிடமும் சாயாத தலை.

அறவாழி கையை மெல்ல உருவி எடுத்தான். அதே கையை உயரத் தூக்கினான்.

அரிவாள் விழுந்தது.

வண்டி இறங்கி மரத்தில் மோதிய சத்தத்தைவிட அவள் அலறல் பெரிதாக இருந்தது. மரத்திலிருந்து கடுக்காய்கள் பொலபொலவென்று கூரைமேல் விழுந்தன. அவள் கண்கள் விரிந்து முதலில் அவனைத்தான் பார்த்தன. பிறகு தூக்கியபடியே நின்ற அவன் கையை. பிறகு அறுந்து தொங்கிய கயிற்றை.

"ஏங்க... ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

உயிரணி துடித்தது. "அடி பட்டதா? உதவி வேண்டுமா?"

அவள் வாய் திறந்தது. பழகிப்போன பதில் உதடு வரை வந்துவிட்டதை அவன் பார்த்தான். இரு கைகளையும் கூப்பினான். பேசினால் தன் குரல் பதிவாகி எல்லாம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் வாயை மட்டும் அசைத்துக் கெஞ்சினான்.

"வலிக்குது" என்றாள் இன்பவள்ளி. "ரொம்ப வலிக்குது. என்னால முடியல. காப்பாத்துங்க."

"பயப்படாதீர்கள். உதவி கிளம்பிவிட்டது."

மழைமேகத்தைக் கிழித்துக்கொண்டு பறவை வந்தது. அதன் இரும்புக் கைகள் கதவை அப்பளம்போல நறுக்கி, அவளை மெத்தையோடு ஏந்தி, மேலே கொண்டுபோயின. கொளஞ்சி சாலையிலேயே உட்கார்ந்து, அரிவாளைப் பள்ளத்தில் வீசிவிட்டு, வாய்விட்டு அழுதார். அறவாழிக்கு அழத் தோன்றவில்லை. சேலத்துக்கு எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

கால் பிழைத்தது. அவளும் பிழைத்தாள். ஆனால் சேலம் மருத்துவமனையின் வாசல் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. காவலாளி அவன் உயிரணியைத் திரையில் காட்டச் சொன்னார், திரை சிவந்தது. 'மோதலுக்குக் காரணமானவர். பாதிக்கப்பட்டவரை அணுகத் தடை.'

"என்ன சார் பண்ணீங்க?" என்றார் காவலாளி, ஒரு எட்டுப் பின்னால் போய்.

என்ன செய்தான் என்பதைச் செவிலி தெளிவாகவே பதிந்து வைத்திருந்தது. முதல் மோதலில் அணிந்தவர் நலம், அவரே சொன்னார். பிறகு கணவர் வந்தார். பிறகு இரண்டாம் மோதல். அணிந்தவர் அதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை, தசைகள் தளர்ந்திருந்தன. 'ஏங்க இப்படிப் பண்ணீங்க' என்றார். வலிக்கிறது என்றார். காப்பாற்றச் சொன்னார். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. கொளஞ்சி எங்கெங்கோ போய்ச் சாட்சி சொன்னார். மனிதர் வாய்க்கு மதிப்பில்லாததால் கேட்டவர்கள் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் ஒரு தாதிதான் இரக்கப்பட்டாள். "அந்த அக்கா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க உயிரணியக் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டுப் பின்வாசல்ல வாங்க. பேசாதீங்க. பாத்துட்டு உடனே வந்துடணும்" என்றாள்.

ஜன்னலோரக் கட்டிலில் இன்பவள்ளி இளைத்துக் கிடந்தாள். காலில் பெரிய கட்டு. மணிக்கட்டில் புதிய உயிரணி. சிகிச்சை முடியும்வரை கழற்ற முடியாதபடி பூட்டியது. அவனைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அவன் அருகில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டான். பேசக்கூடாது என்பது நினைவிருந்தது. ஆனால் அவள் உதடு துடிப்பதைப் பார்த்ததும் அந்த நினைவு போய்விட்டது.

"கட்டுரை எப்படிப் போச்சும்மா?" என்றான்.

அவள் சிரித்தாள். அழவும் செய்தாள். பதில் சொல்லுமுன் மணிக்கட்டில் செவிலி விழித்துக்கொண்டது.

"தடை செய்யப்பட்ட குரல் அருகில் உள்ளது. நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா?"

"இல்ல" என்றாள் இன்பவள்ளி அவசரமாக. "இவர் என் வீட்டுக்காரர். இவர்தான் என்னைக் காப்பாத்தினார். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நல்லா இருக்கேன்னு சொன்னது பொய். எனக்கு அப்பவே அடி பட்டிருந்துச்சு."

"குறித்துக்கொண்டேன்" என்றது செவிலி. "நலம் என்று நீங்கள் சொன்னது பொய்யாக இருந்திருக்கிறது. உங்கள் நம்பகநிலை நீக்கப்படுகிறது. இப்போது நலமாக இருக்கிறீர்களா?"

"நலமாத்தான் இருக்கேன்! சத்தியமா! இதைவிட நல்லா நான் எப்பவுமே இருந்ததில்ல!"

"குரல் நடுங்குகிறது. கண்ணீர் உணரப்படுகிறது. நாடி மிகுந்திருக்கிறது. துன்புறுத்தியவர் பக்கத்தில் இருக்கும்போது பெரும்பாலான பெண்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பயப்படாதீர்கள், அம்மா. இந்த முறை உங்கள் பேச்சைக் கேட்டு உங்களைக் கைவிட மாட்டேன்."

கூரைக்கு மேலே எங்கோ இறக்கைகளின் இரைச்சல் தொடங்கியது. தாதி கதவருகே வந்து, "சார், ஓடுங்க சார்" என்று கிசுகிசுத்தாள்.

இன்பவள்ளி அவன் விரல்களை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். "எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்கங்க" என்றாள் வேகமாக. அதை முழுவதும் சொல்லி முடித்துவிட வேண்டும் அவளுக்கு. "முதல் வரிசையில ஒரு பெரிய பேராசிரியர் உக்காந்திருந்தார்..."

அறவாழி எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றான்.